தாளாளர் சட்டையில் ஒரு துண்டு வெயில்

நிறையப் படித்தவர்களிடம் சின்ன விஷயத்தைச் சொல்லித்தரச் சொல்லக் கூடாது. அவர்கள் அதைப் பெரிதாக்கி, பெரிதாக்கியதைச் சிக்கலாக்கி, சிக்கலை அவிழ்க்கிறேன் பேர்வழி என்று பக்கத்தில் நிற்பவர்களையும் அதில் மாட்டிவிடுவார்கள். யாரையோ குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இயற்பியலில் முதுகலை, அதிலும் ஒளியியலில் தங்கப் பதக்கம், கூடவே ஒரு பி.எட்., இத்தனையையும் சுமந்துகொண்டு, 'வெளிச்சம் கண்ணாடியில் பட்டால் திரும்பி வரும்' என்ற ஒரே ஒரு வரியை ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சொல்லப் போன பியூலா என்கிற என்னைத்தான் சொல்கிறேன்.

கல்யாணமாகி மாடம்பாக்கத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தாம்பரத்தைச் சுற்றி இருக்கிற பள்ளிக்கூடங்களில் நான் ஏறி இறங்காத படி கிடையாது. எல்லா இடத்திலும் என் பதக்கத்தைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, "குழந்தை எப்போ பிளான் பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார்கள். பதில் சொன்னாலும் வேலை இல்லை, சொல்லாவிட்டாலும் வேலை இல்லை. இனிமேல் நான் படித்ததெல்லாம் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கணக்கு வைக்கத்தானோ என்று உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. (வெளியில் மட்டும், "நான் கொஞ்சம் பிரேக் எடுத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.)

அப்போதுதான் கிரேஸ் அண்ணி ஒரு வழி காட்டினார். அண்ணி என் கணவர் சாமின் அக்கா. நாங்கள் கீழ் போர்ஷன், அண்ணி குடும்பம் மாடி. இரண்டு வீட்டுக்கும் ஒரே கேட், ஒரே மோட்டார் ஸ்விட்ச். ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் அண்ணி தமிழ் மிஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியிலும் அவர்தான் மிஸ். அங்கே அவருடைய பெயர்பெற்ற கதை ஒன்று உண்டு. ஆபத்து வந்ததும், 'அவரை எனக்குத் தெரியாது' என்று தன் குருவையே மூன்று தடவை மறுதலித்த சீஷனின் கதை. மூன்றாவது தடவை மறுத்ததும் கதையில் ஒரு சேவல் கூவும்; அங்கே அண்ணி கழுத்தை நீட்டி, சேவல் மாதிரியே கூவுவார். குழந்தைகள் சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "நாம அப்படி இருக்கலாமா பிள்ளைங்களா?" என்று கேட்பார். "இருக்கக் கூடாது" என்று சபையே அதிரும்.

அண்ணியின் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு ஆள் தேவைப்பட்டது. அண்ணி நேரே தாளாளரிடம் போய், "என் தம்பி ஒய்ஃப் சார், கோல்ட் மெடலிஸ்ட், எங்க வீட்டுப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வருடம் அண்ணியைப் பிரைமரி பிரிவுக்குப் பொறுப்பாளராக ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. ஆகவே என் டெமோ வகுப்பில் அவருடைய மானமும் சேர்ந்தே மேடை ஏறியது. "பியூலா, ஒன்னும் பெருசா பண்ண வேணாம். அழகா, அமைதியா ஒரு கிளாஸ் எடு. அது போதும்" என்றார். தலைப்பு 'ஒளி எப்படித் திரும்பி வருகிறது'. எனக்குச் சிரிப்பு வந்தது. மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பதற்கா நான் முதுகலை படித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சாமை ஒன்றாம் வகுப்பு மாணவனாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். ரப்பர் பந்தை மொசைக் தரையில் சாய்வாக எறிந்தேன். ஒழுங்காகத் துள்ளி அந்தப் பக்கம் போனது. அதே பந்தை, எதிர்மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் எறிந்தேன். கண்டபடி சிதறி ஓடியது. "பாத்தீங்களா, வழுவழுன்னு இருக்கற இடத்துல வெளிச்சம் இப்படி ஒழுங்கா திரும்பும். சொரசொரன்னு இருந்தா நாலா பக்கமும் தெறிச்சுடும். அதனாலதான் கண்ணாடில முகம் தெரியுது, சுவத்துல தெரியல" என்றேன்.

"நல்லா புரியுது. இதோட நிறுத்திக்கோ" என்றார் சாம்.

"இது வெறும் அறிமுகம்ங்க. இனிமேதான் விஷயமே இருக்கு."

"கடவுளே" என்றார் சாம். அவர் கடவுளைக் கூப்பிட்டது அந்த வாரம் அதுதான் முதல் முறை.

விஷயம் இதுதான். குழந்தைகள் கேட்டால் மறந்துவிடும், செய்தால் மறக்காது என்று பி.எட்.டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனவே 'வெளிச்சத்தைப் பிடி' என்று ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். நான் வெயிலில் நின்று கண்ணாடியால் வெளிச்சத்தைச் சுவரில் அடிப்பேன். சுவரில் வெள்ளைச் சார்ட் ஒட்டியிருக்கும். குழந்தைகள் உள்ளங்கையை நீலத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு ஓடிவந்து, வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு அப்பு அப்ப வேண்டும். வெளிச்சம் போன வழியெல்லாம் நீலக் கை பதிந்திருக்கும். நீலத்துக்கு வேட்டி சட்டைக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கரைத்துக்கொண்டேன், துவைத்தால் போய்விடும் என்பதால். இந்த முன்யோசனையை நினைத்து அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

என்னிடம் கைப்பிடி வைத்த கண்ணாடி இல்லை. அண்ணியிடம் கடன் வாங்கினேன். ஸ்டாஃப் ரூமில் பொருள்கள் கால் முளைத்துப் போய்விடுவதால், அண்ணி தன்னுடைய எல்லா உடைமைகளிலும் சிவப்பு நெயில் பாலிஷால் 'கிரேஸ்' என்று எழுதிவைத்திருப்பார். டிபன் பாக்ஸ், குடை, ஸ்டேப்ளர் எல்லாவற்றிலும் அந்தக் கையெழுத்து இருக்கும். கண்ணாடியின் முதுகில் அது கடைப்பெயர்ப் பலகை அளவுக்கு இருந்தது. கிளம்பும்போது சாம் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். "மேல மட்டும் காட்டாத. ஏர்ஃபோர்ஸ் பிளேன் பறக்கற ஏரியா. அப்புறம் நான் வந்து கூட்டிட்டு வரணும்." ஆக, எனக்கு வானத்தைப் பற்றி மட்டும்தான் எச்சரிக்கை இருந்தது. தரையில் நிற்பவர்களைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

வகுப்பு அருமையாகத்தான் ஆரம்பித்தது. பின் பெஞ்சில் தாளாளரும் தலைமையாசிரியை மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அன்று மாலை அவருக்கு ஏதோ விழா இருந்ததாம். அண்ணி வாசல் ஓரமாக நின்று என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பந்தைத் தரையிலும், ஒரு தட்டில் கொண்டுபோயிருந்த ஜல்லியிலும் எறிந்தேன், குழந்தைகள் கைதட்டின. ஸ்டீல் தட்டில் முகம் பார்த்தன. அலுமினியத் தாளைக் கசக்கிக் காட்டி, "இப்ப ஏன் முகம் தெரியல?" என்று கேட்டேன்.

"ஜல்லி ஆயிடுச்சு மிஸ்" என்றாள் முதல் பெஞ்சில் இருந்த ஆயிஷா. இரட்டைச் சடை, முன்பல் இரண்டும் கிடையாது. இப்படி ஒரு பதிலை நானே யோசித்திருக்க மாட்டேன்.

"கருப்புத் துணி என்ன பண்ணும் தெரியுமா? வெளிச்சத்தைச் சாப்பிட்டுடும்" என்றேன்.

"சாப்ட்டுட்டு பாத்ரூம் போகுமா மிஸ்?" என்றது ஒரு குரல். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. தாளாளரும் சிரித்தார். அண்ணி வாசலிலிருந்து நகர்ந்து வந்து மேடத்திடம் குனிந்து, "என் தம்பி ஒய்ஃப்" என்று இன்னொரு தடவை சொன்னது என் காதில் விழுந்தது. அந்த இடத்தில் நான் நன்றி வணக்கம் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

"இப்ப எல்லாரும் வெளிய போலாமா?" என்றேன்.

பள்ளியின் நடுவே ஒரு முற்றம். காலை வெயில் ஆபீஸ் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து வரும். அதனால் முற்றத்தில் பளீரென்று வெயில், ஆபீஸ் சுவர் பக்கம் நல்ல நிழல். நிழலில்தான் வெளிச்சம் நன்றாகத் தெரியும் என்று அங்கே சார்ட்டை ஒட்டியிருந்தேன். எல்லாம் கணக்குப் போட்டுச் செய்தது. கணக்கில் வராதது ஒன்று உண்டு. வெயிலில் பெரியவர்கள் எங்கே போய் நிற்பார்கள்? நிழலில்தான் நிற்பார்கள். தாளாளரும் மேடமும் சார்ட்டுக்குப் பக்கத்திலேயே போய் நின்றார்கள்.

"எங்க வெளிச்சம் இருக்கோ அங்க ஓடிப் போய் அப்பணும். சரியா?"

"சரி மிஸ்."

முதல் சில அடிகள் சார்ட்டில் சரியாக விழுந்தன. குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடி அப்பின. தாளாளர் கை நீட்டி, "பரவாயில்லையே, சூப்பரா இருக்கே" என்று மேடத்திடம் சொன்னார். அந்தப் பாராட்டுதான் என்னைக் கவிழ்த்தது. இரண்டு வருடமாக யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. மனசு பொங்கி, நன்றி சொல்ல அவர் பக்கம் திரும்பினேன், கண்ணாடியும் என்னோடு திரும்பியது. வெளிச்சம் சார்ட்டை விட்டு நழுவி, தாளாளரின் சட்டைப்பை மேல் போய் உட்கார்ந்தது.

வெள்ளைத் துணியைப் போல வெளிச்சத்தை எல்லோருக்கும் காட்டிக்கொடுக்கும் பரப்பு வேறு கிடையாது. கஞ்சி போட்ட அந்தச் சட்டையில் என் துண்டு வெயில் அப்படிப் பளிச்சென்று தெரிந்தது. குழந்தைகள் ஒரு நொடி தயங்கின. பிறகு, மிஸ் சொன்னால் சொன்னதுதான் என்ற கடமை உணர்ச்சியோடு பாய்ந்தன. ஐந்தாறு நீலக் கைகள் தாளாளரின் நெஞ்சில் பட் பட் என்று விழுந்தன.

பதறிப்போய்க் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே சாய்த்தேன். கொஞ்சம்தான். இங்கே ஒரு சின்ன அறிவியல். கண்ணாடியை நாம் எவ்வளவு திருப்புகிறோமோ, வெளிச்சம் அதைப் போல இரண்டு மடங்கு திரும்பும். இதைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்குப் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த அறிவு என் மூளையில் பத்திரமாக இருந்தது. கைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. சுவரில் கொஞ்சம் மேலே போகட்டும் என்று நினைத்தேன், அது இரண்டு மடங்கு எகிறிக் கூரைக்குப் போனது, அவசரமாக இறக்கியதும் தாளாளரின் நெற்றியில் வந்து நின்றது. நெற்றி குழந்தைகளுக்கு எட்டாது. அதனால் அவை குதித்தன. குதிப்பதற்குப் பிடிமானம் வேண்டும் என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டன. (நல்லவேளை, மனுஷன் பெல்ட் போட்டிருந்தார்.)

தலைமையாசிரியை மேடம் திரும்பி, "கிரேஸ் மிஸ், உங்க வீட்டுப் பிள்ளைதானே இது?" என்றார்.

அண்ணி முற்றத்தின் ஓரத்தில் ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். "வீட்டுப் பிள்ளைன்னு இல்ல மேம்... தூரத்து சொந்தம்" என்றார்.

தாளாளரைக் காப்பாற்ற வலது பக்கம் திருப்பினேன். இரண்டு மடங்கு போய், வெளிச்சம் மேடத்தின் சந்தன நிறப் புடவையில் விழுந்தது. கூட்டம் அங்கே ஓடியது. விடுதலையான தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தம்பி சம்சாரம்னு சொன்னீங்களே?" என்று அண்ணியைக் கேட்டார்.

"அப்படி இல்ல சார், சும்மா தெரிஞ்சவங்க" என்றார் அண்ணி. ஒரு நிமிடத்துக்குள் நான் அவர் வீட்டிலிருந்து வெளியேறி, வண்டலூர் தாண்டிப் போய்விட்டேன்.

சத்தம் கேட்டு விளையாட்டு ஆசிரியர் விசிலும் கையுமாக வந்துவிட்டார். "இன்னா மிஸ், ஒரே பேஜாரா கீது. யாரு அந்த மிஸ்ஸு?"

"தெரியல சார்" என்றார் அண்ணி, தூணுக்குப் பின்னால் இன்னும் நகர்ந்துகொண்டே. "யாரோ டெமோவுக்கு வந்திருக்காங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. வேலை போய்விட்டது என்பது ஒரு பக்கம். காலையில் எனக்கு நெற்றியில் முத்தம் கொடுத்து ஜெபம் பண்ணி அனுப்பிய அண்ணிக்கு இப்போது நான் யாரோ. மேடத்தின் புடவையையாவது காப்பாற்றுவோம் என்று கண்ணாடியை இன்னொரு பக்கம் திருப்பினேன். அது வழக்கம்போல இரண்டு மடங்கு போனது. முற்றத்தின் ஓரம் வரை பாய்ந்து, தூணைத் தடவி, தூணுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்த அண்ணியின் முகத்தில் போய் நின்றது.

"அங்க, அங்க, கிரேஸ் மிஸ் மேல" என்று கத்திக்கொண்டு மொத்த வகுப்பும் ஓடியது. அண்ணி அன்று கட்டியிருந்தது பள்ளியின் வெள்ளி விழாவுக்கு ஆசையாக எடுத்த சில்க் காட்டன் புடவை. அது எப்படி ஆனது என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. இன்றைக்கும் அவர் மாடியில்தான் இருக்கிறார்.

நான் கண்ணாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தேன். யாரோ என் புடவைத் தலைப்பை இழுத்தார்கள். ஆயிஷா.

"மிஸ்" என்றாள், மிகவும் பொறுமையாக. "கண்ணாடிய கவுத்துடுங்க மிஸ்."

ஒளியியலில் தங்கப் பதக்கம் வாங்கிய எனக்கு அது தோன்றவே இல்லை. கவிழ்த்தேன். வெளிச்சம் அணைந்தது. முற்றம் அமைதியானது. கவிழ்த்ததும் கண்ணாடியின் முதுகு எல்லோரும் பார்க்கும்படி மேலே வந்தது. அதில் சிவப்பு நெயில் பாலிஷில் கொட்டை எழுத்தில், 'கிரேஸ்'.

தாளாளர் நடந்து வந்து அதை வாசித்தார். தூணைப் பார்த்தார். "தெரியாதவங்க கைக்கு உங்க கண்ணாடி எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டார். அண்ணி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து இரண்டாவது பீரியட் முடிந்து பெல் அடித்தது. அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லும் சேவல் கதை எங்கள் இருவருக்குமே ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

தாளாளர் அத்தோடு அண்ணியை விட்டுவிட்டார். குழந்தைகள் பக்கம் திரும்பினார். அவர் நெஞ்சில் நீலக் கைகள் ஈரமாக மின்னின.

"என் சட்டை மேல வெளிச்சம் எங்கிருந்து வந்துச்சு?"

"சூரியன்ல இருந்து கண்ணாடிக்கு வந்துச்சு சார். கண்ணாடில துள்ளி உங்க மேல வந்துச்சு" என்று பல குரல்கள்.

"அப்ப என் சட்டைல உங்க முகம் தெரியணுமே. ஏன் தெரியல?"

"உங்க சட்டை ஜல்லி சார்" என்றாள் ஆயிஷா. "நாலா பக்கமும் தெறிச்சுடும்."

"சரி. கடைசியா ஒன்னு. வெளிச்சம் ஏன் ஒரு இடத்துல நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சு?"

இரண்டு மடங்கு விதியை விளக்கி எப்படியாவது மானத்தை மீட்டுவிடலாம் என்று நான் தொண்டையைக் கனைத்தேன். ஆயிஷா முந்திக்கொண்டாள். "மிஸ்ஸுக்கு பயம் சார்."

தாளாளர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு மேடத்திடம், "நான் போன வருஷம் ஒளியைப் பத்தி அஞ்சாவது பசங்கள கேட்டேன். ஒருத்தன் பதில் சொல்லல" என்றார். என்னிடம், "திங்கக்கெழம வந்துடுங்கம்மா. ஒன்னாவது பி செக்‌ஷன். அந்த நீலம் மட்டும் வேணாம்" என்றார். நான் சரி சார் என்பதற்குப் பதிலாக, "அது துவைச்சா போயிடும் சார்" என்றேன். (இதைக் கேட்டு சாம் இன்றுவரை தலையில் அடித்துக்கொள்கிறார்.) எனக்குச் சந்தோஷத்தில் கால் நிற்கவில்லை. வெட்கமும் அதே அளவு இருந்தது. ஒன்றாம் வகுப்புதானே என்று இளப்பமாக வந்தவள், அந்த ஒன்றாம் வகுப்பு பாஸ் பண்ணிவிட்டதால்தான் வேலை வாங்கினேன்.

அன்று மாலை அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு கிண்ணம் நிறைய ரவா கேசரி. மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. "முந்திரி நெறைய போட்டிருக்கேன்" என்றார். பொறுப்பாளர் பதவியும் அவருக்கே கிடைத்தது. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கெட்டிக்காரர் என்று தாளாளர் பாராட்டினாராம். அதற்கடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று, "எங்க வீட்டுப் பிள்ளைக்கு வேலை கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று சாட்சி சொன்னார். நான் தூரத்திலிருந்து மறுபடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

நான் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறேன், அதே ஒன்றாம் வகுப்பில். டெமோ வகுப்புக்கு யார் வந்தாலும் தாளாளர் இப்போது வெயிலில்தான் நிற்கிறார். அண்ணி இன்றும் ஓய்வுநாள் பள்ளியில் எல்லாக் கதைகளும் சொல்கிறார், அந்த ஒரு கதையைத் தவிர. அதை வேறொரு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டார். தொண்டை சரியில்லை, சேவல் சத்தம் வருவதில்லை என்று காரணம் சொன்னார்.

ஆனால் எங்கள் பின்வீட்டுக்காரர் கோழி வளர்க்கிறார். அவருடைய சேவலுக்கு நேரம் காலம் கிடையாது. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூவும், மின்சாரம் போனால் கூவும். அது கூவும்போதெல்லாம் சாம் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு, மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"அக்கா, உன்னத்தான் கூப்பிடுது."

மேலேயிருந்து, கொஞ்சமும் தாமதிக்காமல் பதில் வரும்.

"யாருப்பா நீ? உன்ன நான் பார்த்ததே இல்லையே."